தீர்ப்புக்கு முன்னும் விடுதலைக்குப் பின்னும்



இந்த அறக்கட்டளையின் மேடையில் இலக்கியம் பேசுவதுதான் வழக்கம். இவ்வாண்டு சிறைச்சாலைகளைப் பற்றிப் பேசலாமா என்று நான் கேட்டபோது ஏற்பாட்டுக் குழுவினர் சற்றுத் தயங்கினார்கள். பிறகு மனமுவந்து ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் உள்ளே போய்விட்டால் ‘ஜோகூர்ல வேலை கிடைச்சிருக்கு’ என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சமாளிக்கிறோம். திருமணப் பத்திரிகையில் அவன் பெயரை விட்டுவிடுகிறோம். நாட்டின் மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ 7 விழுக்காடு. சிறையில் நம் பங்கு அதைவிடக் கூடுதல் என்பது இந்த அவையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பொதுவில் பேசுவதில்லை.

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். கைதிகளுக்குச் சமய வகுப்பும் எழுதப் படிக்கப் பயிற்சியும் தருவதற்காகப் பல ஆண்டுகள் சிறைக்குள் போய் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதிலுக்குள்ளே கழியும் ஆண்டுகளைக் காட்டிலும், தீர்ப்புக்கு முன்னால் வரும் சில நாள்களும் விடுதலைக்குப் பின்னால் வரும் சில மாதங்களுமே ஒருவனுடைய கதியைத் தீர்மானிக்கின்றன. அந்த இரண்டு காலங்களிலும் நம் சமூகம் அவன் பக்கத்தில் இருப்பதில்லை.

ரவாங்கில் நின்றுகொண்டு இதைப் பேசும்போது ஒரு பெயரைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1949 மார்ச்சில், இங்கே பக்கத்தில் வாட்டர்ஃபால் தோட்டத்தில் எஸ்.ஏ. கணபதி கைதானார். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த தமிழர். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். அவசரகாலம் 1948 ஜூனில் பிறந்தது. சம்மேளனத்தின் பதிவும் அதே மாதம் ரத்தானது. அவசரகாலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை. கணபதியிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது என்பது குற்றச்சாட்டு. வழியில் கிடந்ததை எடுத்துப் போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவர் சொன்ன விளக்கம். அதே மாதத்திலேயே தீர்ப்பு வந்துவிட்டது. மே 4 ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இந்திய அரசு கேட்டுக்கொண்ட கருணையும் கிடைக்கவில்லை. கைதான நாளிலிருந்து தூக்குமேடை வரை ஏறக்குறைய இரண்டே மாதம்.

அதே காலத்தில், அதே போன்ற குற்றச்சாட்டில், ஜோகூரில் சாம்பசிவம் என்ற இன்னொரு தொழிற்சங்கத் தமிழருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. தோட்டா வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டிலிருந்து முதல் விசாரணையிலேயே விடுவிக்கப்பட்ட ஒருவரை, அந்த விடுதலைத் தீர்ப்பே இல்லாததுபோல் வைத்துக்கொண்டு, துப்பாக்கிக்காக மறுபடி விசாரித்தது தவறு என்று 1950 இல் பிரிவி கவுன்சில் கூறி அவரை விடுவித்தது. பொதுச்சட்டம் வழங்கும் நாடுகளின் நீதிமன்றங்களில் இன்றைக்கும் வழக்கறிஞர்கள் சாம்பசிவம் வழக்கை மேற்கோள் காட்டுகிறார்கள். கணபதி குற்றம் செய்தாரா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரே ஆண்டில், ஒரே சட்டத்தின் கீழ் நின்ற இரண்டு தமிழர்களில் ஒருவருக்கு நேரம் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. அவசரகாலத்தில் 200 க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் சில மாதங்கள் தேவைப்பட்டிருக்கும் என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது.

சிறை நமக்கு 1949 இல் அறிமுகமானதல்ல. தோட்டத்து லயங்களுக்கு முன்பே தமிழர் மலாயாவுக்குக் கைதிகளாக வந்திருக்கிறார்கள். மருது சகோதரர்களின் எழுச்சியை ஒடுக்கிய கும்பினி அரசு, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802 இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தியது. 1825 இல் பென்கூலனிலிருந்து சென்னை மாகாணக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பிறகு வங்காளம், பம்பாய் என்று எல்லா மாகாணத்தவரும் வந்தார்கள். சாலை போட்டவர்களும் சதுப்பு நிலத்தை நிரப்பியவர்களும் செங்கல் சுட்டவர்களும் அவர்கள்தாம். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் வெண்ணிறப் பூச்சு சென்னைச் சுண்ணாம்பு. சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்துப் பிசைந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்த பிறகு கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். நம் ஊர்க் கொத்தனாரின் கைத்திறன், கைதி உடையில் வெளிநாட்டில் நின்று வேலை செய்தது.

அந்தக் கைதிகள் முகாம்களில் ஒரு முறை இருந்தது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த மேஜர் மெக்நேர் பின்னாளில் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நன்னடத்தை காட்டிய கைதியே மற்றக் கைதிகளுக்குக் காவலாளி. படிப்படியாக வகுப்பு உயர்ந்தால் விலங்கு கழலும். அதன்பின் மதிலுக்கு வெளியே தங்கி வேலை செய்ய அனுமதிச் சீட்டு. கடைசியில் நிபந்தனையோடு மன்னிப்பு. 1873 இல் அந்த முகாம்கள் மூடப்பட்டபோது பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். நாடு கடத்தல் கொடுமையானது. அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் ஒருவனை விடுவிப்பதற்கு அவனைப் படிப்படியாகத் தயார் செய்ய வேண்டும் என்ற அறிவு இந்த மண்ணில் 150 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் பாரோல் சட்டமாக வந்தது 2008 இல்தான்.

பிறகு வந்தது தோட்டக் காலம். ஒப்பந்தக் கூலியாக வந்தவன் தோட்டத்தை விட்டு ஓடினாலும், வேலைக்கு வர மறுத்தாலும், அது குற்றம், தண்டனை சிறை. முதலாளி சம்பளம் தராவிட்டால் அது உரிமையியல் தகராறு. ஒப்பந்தமுறை 1910 இல் நிறுத்தப்பட்ட பிறகும், வேலை தொடர்பான மீறலுக்குச் சிறை என்ற விதி 1920 களின் தொடக்கம் வரை ஒழியவில்லை. போலீசையும் கோர்ட்டையும் கண்டால் நம் பெரியவர்கள் ஒதுங்கிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரவாங்கின் பெருமையாக நாம் சொல்வோம்: தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் நடத்திய ஈயச் சுரங்கத்தால் 1894 இல் மலாய் மாநிலங்களிலேயே முதன்முதலாக மின்சாரம் எரிந்த ஊர் இது. அதே ஆண்டுகளில்தான், 1891 முதல் 1895 வரை, கோலாலம்பூரில் புடு சிறை எழும்பிக்கொண்டிருந்தது. சிலாங்கூரின் செல்வமும் சிலாங்கூரின் சிறையும் ஒன்றாகவே வளர்ந்தன. புடு 1996 இல் காலியாகி, கைதிகள் சுங்கை பூலோவுக்கு மாற்றப்பட்டார்கள். 2010 இல் மதில் இடிந்தது. இன்று அங்கே பெரிய வணிக வளாகம் நிற்கிறது. பழைய நுழைவாயில் மட்டும் மிச்சம்.

இன்றைய அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இதில் குழப்பம் உண்டு. போலீஸ் லோக்காப் வேறு, சிறை வேறு. லோக்காப் போலீசின் பொறுப்பு. சிறை, உள்துறை அமைச்சின் கீழுள்ள சிறைத்துறையின் பொறுப்பு, தலைமையகம் காஜாங்கில். 1995 ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம்தான் அடிப்படை. 2024 இல் நாட்டிலுள்ள கைதிகள் 80,000 ஐத் தாண்டினார்கள். கட்டிய இடத்துக்கு மேற்பட்ட கூட்டம் அது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு நெருக்கமானோர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவருக்கு நன்னடத்தையின் பேரில் மூன்றில் ஒரு பங்கு கழிவு உண்டு. ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் பாதியைக் கழித்தபின் பாரோலுக்குத் தகுதி பெறலாம். சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாக நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வரை பொதுவேலை செய்ய ஆணையிடும் கட்டாய வருகைச் சட்டம் 1954 முதலே இருக்கிறது. இளையோருக்கு மலாக்கா தெலோக் மாஸ் உள்ளிட்ட ஹென்றி கர்னி பள்ளிகள். கணபதி தூக்கிலிடப்பட்டபோது உயர் ஆணையராக இருந்தவர்தான் அந்தக் கர்னி.  சிறைக்குள்ளேயே எஸ்பிஎம் எழுதியவர்களையும் பட்டப்படிப்பு முடித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். உள்ளே நல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன்.

இப்போது முதல் காலத்துக்கு வருகிறேன்: கைதான நாள்.

ரிமாண்ட் விசாரணையை நேரில் பார்த்தவர்கள் இந்த அவையில் சிலர் இருப்பீர்கள். காலையில் வண்டி வந்து நிற்கும். கையில் விலங்கோடு வரிசையாக இறங்குவார்கள். ஊதா நிறச் சட்டை, முதுகில் லோக்காப் என்ற எழுத்து, காலில் சிலிப்பர், சிலருக்கு அதுவும் இல்லை. வராந்தாவில் ஓர் அம்மா நாசி லெமாக் பொட்டலத்தைப் பிடித்தபடி நிற்பார். கொடுக்க அனுமதி இல்லை. உள்ளே மாஜிஸ்திரேட் முன்னால் விசாரணை அதிகாரி காரணத்தைச் சொல்லி இத்தனை நாள் வேண்டும் என்பார். ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் கேட்பார். பையன் தலையைக் குனிந்துகொண்டு ‘தாக் அடா, துவான்’, ஒன்றும் இல்லை ஐயா, என்பான். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், தனக்கு ஆஸ்துமா, நேற்றிரவு முதுகில் அடிபட்டது, அன்றைக்கு வேலையில் இருந்ததற்குப் பஞ்ச் கார்டு இருக்கிறது. எதை, எப்படி, யாரிடம் சொல்வது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்க அருகில் யாரும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மேலும் வைத்திருக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117 ஆம் பிரிவின்படி ஆணை பெற வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றமானால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். 14 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 7 நாள், மறுபடி 7 நாள். இவை உச்ச வரம்புகள். வழக்கறிஞர் எழுந்து நின்று கேட்டால் மாஜிஸ்திரேட் குறைக்கலாம், உடலில் காயம் இருந்தால் பதிவு செய்யலாம், மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லலாம். விசாரணைக்கு முன்பு உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளும் உரிமையை 28ஏ பிரிவு தருகிறது. பணம் இல்லை என்ற கவலையும் வேண்டாம். 2012 ஏப்ரல் முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் கைது, ரிமாண்ட், ஜாமீன் கட்டங்களில் குடிமக்களுக்கு இலவசமாக நிற்கிறார்கள். நம் தோட்டத்திலும் தாமானிலும் எத்தனை பேருக்கு இது தெரியும்? கோயில் திருவிழா நோட்டீசை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாம், இந்த ஒரு தொலைபேசி எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை.

வழக்கறிஞர் இல்லாதவன் செய்யும் அடுத்த காரியம் குற்றத்தை ஒப்புக்கொள்வது. ‘ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்’ என்று லோக்காப்பில் யாரோ சொல்வார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டிய பையனை எடுத்துக்கொள்ளுங்கள். அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15 ஆம் பிரிவு. ஒப்புக்கொண்டான், அபராதம் கட்டினான், வந்துவிட்டான். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை வழக்கு 39சி பிரிவுக்குப் போகிறது: ஐந்து முதல் ஏழு ஆண்டு சிறை, மூன்று ரோத்தான் அடி வரை. முதல் இரண்டு முறை ‘சீக்கிரம் முடித்தது’ எவ்வளவு பெரிய கடன் என்று அப்போதுதான் தெரியவருகிறது. ஒரு சிறையில் என் வகுப்பில் முன் வரிசையில் உட்காருவான் ஒருவன். தன் பெயரைத் தமிழில் எழுதிப் பார்க்க ஆசைப்பட்டவன். அவனுக்கு இதை முதல் முறையே யாராவது சொல்லியிருந்தால் என்று நான் பல இரவுகள் நினைத்ததுண்டு.

ஜாமீன் தந்தாலும் சிக்கல் தீராது. பிணை நிற்பவரிடம் வங்கியில் பணம் வேண்டும், வேலைக் கடிதம் வேண்டும். இரண்டாயிரம் வெள்ளி புரட்ட முடியாமல், நிரூபிக்கப்படாத குற்றத்துக்கு மாதக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வேலை போகும், மோட்டார்சைக்கிளைப் பேங்க் இழுத்துக்கொண்டு போகும், மனைவி தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். பிறகு நீதிமன்றம் குற்றமில்லை என்று விடுவித்தாலும் போனது போனதுதான். விசாரணைக் கைதியைக் குற்றமற்றவராகக் கருத வேண்டும், தண்டனை பெற்றவரோடு சேர்த்து வைக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபையின் நெல்சன் மண்டேலா விதிகள் சொல்கின்றன. இடநெருக்கடியில் அந்த விதிதான் முதலில் அடிபடுகிறது.

லோக்காப்பிலிருந்து உயிரோடு திரும்பாதவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். 2009 இல் சுபாங் ஜெயாவில் காவலில் இறந்த குகனின் குடும்பத்துக்கு 8 லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு வழங்க 2013 இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021 ஏப்ரலில், கோம்பாக் போலீஸ் காவலில் இருந்த தமிழர் ஒருவர் செலாயாங் மருத்துவமனையில் இறந்த செய்தி நாடு முழுவதும் எதிரொலித்தது. ரவாங் அதே கோம்பாக் மாவட்டம். செலாயாங் நாம் எல்லோரும் போகும் மருத்துவமனை. 2023 ஜூலையில் போலீஸ் நடத்தை மீதான சுயேச்சை ஆணையம் நடைமுறைக்கு வந்தது. அது தண்டிக்கும் அதிகாரம் இல்லாத, பரிந்துரைக்கும் அமைப்பு. எனக்கு அது போதாது. காவலில் ஒருவர் இறந்தால் மரண விசாரணை தானாகவே, குறித்த காலத்துக்குள், பகிரங்கமாக நடந்தே ஆக வேண்டும் என்று நாம் ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளரிடம் கேட்க வேண்டும்.

விசாரணையே இல்லாத காவல் நம் சமூகத்தில் ஒரு தலைமுறையையே தின்றது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு பிறந்த அவசரகாலப் பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ், அமைச்சரின் கையெழுத்தில் ஒருவரை இரண்டாண்டு அடைத்து வைக்கலாம். அந்தத் தடுப்பு முகாம் இருந்த ஊரின் பெயரால் ‘சிம்பாங் ரெங்கம் போயிட்டான்’ என்று எங்கள் தோட்டத்தில் சொன்னால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்து, தோட்டத்து மக்கள் நகர ஓரத்து அடுக்குமாடிகளில் குவிந்த காலம் அது. இருந்த வேலை, திடல், கோயில், பள்ளி எல்லாம் ஒரே வீச்சில் போயின. பையன்களைக் கும்பல்கள் எடுத்துக்கொண்டன. அந்தச் சட்டம் 2011 இல் முடிவுக்கு வர, ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். குற்றம் பெருகியதற்கு அவர்களே காரணம் என்று போலீஸ் சொன்னது. 2013 இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் இந்தியர் என்றது. 1959 ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, விசாரணையின்றி இரண்டாண்டு அடைக்கும் அதிகாரம் ஒரு வாரியத்தின் கையில் மறுபடி வந்து சேர்ந்தது. ஐஎஸ்ஏ எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் போய் 2012 இல் வந்த சோஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டம் இன்னொரு பக்கம்: 28 நாள் தடுப்புக் காவல், பிறகு குற்றம் சாட்டப்பட்டாலும் ஒரு சில விதிவிலக்கு தவிர ஜாமீன் இல்லை. ஜாமீனை மறுக்கும் அதன் 13 ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு தமிழ்ச் சட்டமன்ற உறுப்பினரின் வழக்கில் சொன்னது; அடுத்த பிப்ரவரியில் அவர் உட்பட 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளே கைவிடப்பட்டன. இருந்தும் சட்டம் நிற்கிறது. சுங்கை பூலோ சிறை வாசலில் தாய்மார்களும் மனைவிமார்களும் உட்கார்ந்து போராடியதை நீங்கள் செய்தியில் பார்த்தீர்கள். அவர்களில் சிலர் நம் ஊர்க்காரர்கள்.

கும்பல்களுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பாராங் வெட்டில் மகனை இழந்த தாயும் நம்மவர்தான். கடைக்காரரிடம் மாமூல் வாங்குகிறவனுக்கும் பள்ளிப் பிள்ளையிடம் போதைப்பொருளைக் கொடுக்கிறவனுக்கும் தண்டனை வேண்டும். அதைச் சாட்சியோடு, திறந்த நீதிமன்றத்தில் நிரூபித்துத் தண்டியுங்கள். விசாரணையின்றி அடைத்தால் குற்றவாளிக்கும் அப்பாவிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. இறந்தவரின் தாய்க்கும் யார் செய்தது என்ற உண்மை ஒருநாளும் கிடைப்பதில்லை.

மரண தண்டனையைப் பற்றி ஒரு சொல். போதைப்பொருள் கடத்தலுக்கு 1983 முதல் கட்டாயமாக இருந்த தூக்கு, 2023 ஜூலை 4 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் கட்டாயம் அற்றதாயிற்று. எதைக் கொடுப்பது என்று இனி நீதிபதி முடிவு செய்வார். ஏற்கெனவே தூக்கை எதிர்நோக்கியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுபரிசீலனை கேட்கும் வழி திறந்தது. நூற்றுக்கணக்கானோரின் தண்டனை 30 ஆண்டுச் சிறையாக மாறியிருக்கிறது. நெடுங்காலம் உள்ளே இருந்தவர்கள் இதனால் வீடு திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். இது நாம் நன்றியோடு வரவேற்க வேண்டிய மாற்றம். அவர்கள் எங்கே திரும்பி வருவார்கள் என்பதுதான் இனி நான் பேசப்போகும் இரண்டாம் காலம்: விடுதலைக்குப் பின்.

வ.உ.சிதம்பரனாரை நினைத்துக்கொள்ளுங்கள். 1908 ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார், கண்ணூர்ச் சிறையிலும் இருந்தார். தூத்துக்குடியைக் கொந்தளிக்க வைத்தவர் 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வரவேற்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. கப்பல் கம்பெனி கைவிட்டுப் போயிருந்தது. சென்னையில் மளிகைக் கடை வைத்தும் பிழைப்பு நடக்கவில்லை. நாட்டுக்காகச் சிறை சென்ற மேதைக்கே விடுதலைக்குப் பின் அந்தக் கதி என்றால், மோட்டார்சைக்கிள் திருடிவிட்டு உள்ளே போன பையனுக்கு என்ன நடக்கும்? ஆனால் அந்தக் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. ஆண்டுகள் கழித்து, வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி அவருக்கு வழக்கறிஞர் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். வ.உ.சி. மறுபடி கறுப்பு அங்கி அணிந்தார். நன்றி மறவாமல் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஓர் அதிகாரியின் ஒரு கையெழுத்து ஒரு குடும்பத்துக்கு அத்தனை பெரிதாக இருந்தது.

நம் நாட்டில் தண்டனை முடிந்த பிறகு குறிப்பிட்ட ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்தவரின் பதிவை மறைத்துவைக்கும் சட்டம் இல்லை. பிரிட்டனில் 1974 முதல் இருக்கிறது. இங்கே இருபது வயதில் செய்த தவறு அறுபது வயதிலும் தொடர்கிறது. பாதுகாவலர் வேலைக்குப் போனால் பதிவு, இ-ஹெய்லிங் ஓட்டப் போனால் பதிவு, நேர்முகத்தில் பதிவு. பாரோலில் வந்தவருக்கு இரவு வீட்டில் இருக்க வேண்டும், ஊரை விட்டுப் போக அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் வேறு. ஷிஃப்ட் வேலை கொடுக்கும் தொழிற்சாலை இதைக் கேட்டதும் பின்வாங்குகிறது. உள்ளே வெல்டிங்கும் பேக்கரியும் தச்சு வேலையும் கற்றவன் வெளியே வந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவனைத் தேடி முதலில் வருகிறவர்கள் பழைய கூட்டாளிகள். செலவுக்குப் பணம் தருகிறார்கள், போன் வாங்கித் தருகிறார்கள். சமூகம் செய்ய வேண்டியதை அவர்கள் செய்கிறார்கள்.

அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லமாட்டேன். விடுதலைக்கு நெருங்கியவர்களைத் தொழிற்சாலைகளில் சம்பளத்தோடு வேலைக்கு அனுப்பும் கார்ப்பரேட் ஸ்மார்ட் இன்டர்ன்ஷிப் திட்டத்தைச் சிறைத்துறை நடத்துகிறது. மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் கொடுத்து முன்னாள் கைதியை வேலைக்கு வைக்கும் முதலாளிக்குக் கூடுதல் வரிவிலக்கு என்று 2019 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். தமிழ்நாட்டுச் சிறைத்துறை 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்று அரங்கம் போட்டுக் கைதிகளுக்காகப் புத்தகங்களைத் திரட்டியது. சாதாரண வாசகர்கள் வரிசையில் நின்று கொடுத்தார்கள். அதைப்போல் நம் நூல்களையும் நாம் கொடுக்கலாம். என் வகுப்பில் ஒரே ஒரு பழைய திருக்குறள் உரையைப் பலர் முறைவைத்துப் படித்தார்கள்.

ஆகவே இந்த அவையிடம் சிலவற்றை நேராகக் கேட்கிறேன். இங்கே கோயில் தலைவர்கள் இருக்கிறீர்கள்: சட்ட உதவி அறவாரியத்தின் எண்ணையும், கைதானால் முதல் நாளில் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கு வரியையும், உங்கள் அறிவிப்புப் பலகையில் தமிழில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள்: மாதத்தில் ஒரு காலை ரிமாண்ட் நீதிமன்றத்தில் நில்லுங்கள். லாரிக் கம்பெனியும் வொர்க்‌ஷாப்பும் கேட்டரிங்கும் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள்: ஆளுக்கு ஒருவரை, ஒரே ஒருவரை, பாரோலில் வந்தவரை வேலைக்கு எடுங்கள், அவருடைய பாரோல் அதிகாரியோடு நீங்களே பேசுங்கள். ஆசிரியர்கள் இருக்கிறீர்கள்: அப்பா உள்ளே இருக்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கிறது, அதை மற்றப் பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். தாய்மார்களே, மகன் சுங்கை பூலோவில் இருக்கிறான் என்றால் ஜோகூரில் வேலை என்று சொல்லாதீர்கள். நீங்கள் மறைத்தால் உதவி செய்ய முன்வருகிறவருக்கும் வழி தெரியாது.

இந்த அறக்கட்டளையின் பெயரில் ரவாங்கில் ஒரு சிறு குழு அமைய வேண்டும் என்று குழுவினரிடம் விண்ணப்பித்திருக்கிறேன். கைதானவரின் குடும்பத்துக்கு முதல் நாளே வழிகாட்டவும், விடுதலையாகி வருகிறவரைச் சிறை வாசலில் போய் அழைத்து வரவும் அந்தக் குழு இருக்கும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மண்டப வாசலில் உள்ள மேசையில் இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.